மந்தணம்: நோயாளியின் தாள்கள் குறித்துச் சில எண்ணங்கள்

தென்மாவட்டங்களிலிருந்து மதுரைக்கு அதிகாலையில் வந்து சேரும் பேருந்துகளில், துணிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்போர் சிலரை எப்போதும் காணலாம். பையில் துணி இராது. மருத்துவமனைச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், பழைய மாத்திரை அட்டை ஒன்று, பைக்குள் அடங்காமல் தலைநீட்டும் எக்ஸ்ரே உறை ஆகியவையே இருக்கும். உறையின் மேல் பரிசோதனை நிலையத்தின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதன் கீழே தடித்த பேனாவால் நோயாளியின் பெயரும் வயதும், படம் எடுக்கப்பட்ட உறுப்பும் எழுதப்பட்டிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். பேருந்து ஊருக்குள் நுழைவதற்குள் "என்ன, நெஞ்சுல ஏதும் பிரச்சினையா?" என்ற விசாரிப்பு வந்துவிடும். விசாரிப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்டவர் அந்தக் கேள்வியை விரும்பினாரா என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மருத்துவத் தகவல்களின் பாதுகாப்பு என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது கணிப்பொறித் திருட்டுதான். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் முடக்கப்பட்டபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்த நாட்களில் அம்மருத்துவமனை என்ன செய்தது? மீண்டும் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பியது. எத்தனை கணிப்பொறி வந்தாலும் நோயாளியின் வாழ்வில் தாள் இன்னும் ஓய்வு பெறவில்லை. அந்தத் தாள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எப்படிப் போகிறது, எங்கே வைக்கப்படுகிறது, கடைசியில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று தோன்றியது. மருத்துவர்கள் எழுத வேண்டியதைத் தமிழாசிரியர் ஏன் எழுதுகிறார் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு, பின்னால் சொல்கிறோம்.

தமிழக அரசு அலுவலகங்களில் வழங்கும் நல்ல சொற்களுள் ஒன்று 'மந்தணம்'. எல்லார் கண்ணிலும் படக்கூடாத கடித உறையின் மேல் அச்சொல்லை எழுதுவார்கள். தமிழ் ஆட்சிமொழியானதால் வழக்கில் நிலைத்த சொற்களில் அதுவும் ஒன்று. ஓர் அதிகாரியின் பணி பற்றிய குறிப்புக்கு 'மந்தணம்' என்று எழுதி அரக்கு வைக்கிறோம். ஒரு பெண்ணின் கருப்பை பற்றிய குறிப்போ திறந்த உறையில் வராந்தா வழியே போகிறது.

*

நம் நாட்டில் புறநோயாளியின் ஆவணக்காப்பாளர் பெரும்பாலும் நோயாளியேதான். உள்நோயாளியாகச் சேர்ந்தவரின் கேஸ் ஷீட் மருத்துவமனையில் தங்கிவிடும். வீடு திரும்பும்போது அவர் கையில் ஒரு சுருக்கக் குறிப்பு மட்டும் தரப்படும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவும் வேண்டும். மற்றவை எல்லாம் நோயாளியின் பையில்தான்.

இதில் ஒரு விடுதலை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. தம் தாள்கள் தம்மிடம் இருப்பதால் எந்த ஊரிலும் எந்த மருத்துவரிடமும் போகலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் பையைத் தொலைத்தவரின் நோய்வரலாறும் பையோடு தொலைகிறது. பையைப் பிரித்தவர் எவரோ அவருக்கு அந்த வரலாறு தெரிந்துவிடுகிறது. ஆக, இழப்பிலிருந்தும் பிறர் பார்வையிலிருந்தும் என இருவகையாகவும் தாளைக் காக்க வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் வேண்டியவை மிக எளிய பொருள்கள். அச்சிட்ட உறையை அப்படியே சுமக்காமல் எழுத்தில்லாத ஓர் உறைக்குள் இடுவது. மேலே பெயர் எழுதாமல் உள்ளே ஒரு தாளில் பெயரும் தொடர்பு எண்ணும் எழுதி வைப்பது. பையின் வாயைக் கட்டுவது. இ.சி.ஜி. தாளும் ஸ்கேன் படத்தாளும் பெரும்பாலும் வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சுடையவை. வெயிலில் வைத்தால் எழுத்து மங்கிவிடும். 'பத்திரமாக இருக்கட்டும்' என்று லேமினேஷன் செய்தால் தாள் முழுவதும் கறுத்துப்போகும். அவற்றை நகலெடுத்து வைப்பதே வழி. நகலெடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஜெராக்ஸ் கடையின் கண்ணாடியின் மேல் மூலத்தாளை மறந்து வைத்துவிட்டு வருவோர் பலர். சரியாக விழாத நகலைக் கடைக்காரர் கசக்கிக் கூடையில் போடுவார். அந்தக் கூடையில் இருப்பதும் நோயாளியின் உடம்புதான். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

*

மருத்துவமனைக்குள் தாள் செல்லும் பயணம் வேறு வகையானது. வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு, அங்கிருந்து அறுவை அரங்கிற்கு, பின்னர் மீண்டும் வார்டுக்கு, முடிவில் மருத்துவப் பதிவேட்டு அறைக்கு. தள்ளுவண்டியில் படுத்திருக்கும் நோயாளியின் கால்மாட்டில் கேஸ் ஷீட் கிடக்கும். மின்தூக்கியில் நிற்கும் ஐந்தாறு பேரும் முதற்பக்கத்தைப் படிக்கலாம். ஸ்கேன் அறை வாசலில் பத்துக் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு நாற்காலியில் இருக்கும். உறவினர் ஒருவர் 'நம்முடையது எத்தனையாவது' என்று பார்க்க ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனால் அடுத்தவரின் நோய் அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. கோப்புக்கு மூடிய அட்டை ஒன்றும், அந்த நாற்காலிக்குப் பதிலாகக் கதவுள்ள சிறு பெட்டி ஒன்றும் இருந்தால் தீரக்கூடிய குறை இது.

மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோர் என நான்காகப் பகுத்தது திருக்குறள். அந்த நான்காமவருக்கு வேண்டிய இயல்புகளைச் சொல்லும் பரிமேலழகர், நோயாளியிடத்து அன்பையும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் தூய்மையையும் சேர்த்தே சொல்கிறார். மொழித் தூய்மை என்பதை இனிமையாகப் பேசுவது என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. கண்ணில் பட்டதை வெளியே பேசாதிருப்பதும் அதில் அடங்கும் என்று வகுப்பில் நாம் விளக்குவதுண்டு. கோப்பைத் தூக்கிச் செல்லும் கடைநிலைப் பணியாளரும் மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறுதான். அவருக்கு அதை யாரும் சொல்லியிருப்பார்களா என்பதுதான் ஐயம்.

ஒழுங்காக நடக்கும் பதிவேட்டு அறைகளில் கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்குவதில்லை. எண் வரிசையில் அடுக்குவார்கள். எண்ணின் கடைசி இலக்கங்களைக் கொண்டு அடுக்கும் முறையும் உண்டு. அடுக்கைப் பார்ப்பவருக்கு எது யாருடையது என்று தெரியாது. ஒரு கோப்பை எடுத்தால் அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகி, யார், எந்த நாளில், எதற்காக எடுத்தார் என்று எழுதி வைப்பார்கள். கோப்பு திரும்பும்போதுதான் அட்டை வெளியே வரும். வெளியே போன தாளுக்கு எப்போதும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்பதே இதன் பொருள்.

பதிவேட்டு அறையின் பகைகள் கரையானும் எலியும் மழைநீரும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தரைத்தளத்திலும் அதற்குக் கீழும் வைத்த எதுவும் தப்பாது என்பதை நகரம் கண்டது. இடம் மிச்சம் என்று பழைய பதிவேடுகளை அடித்தளத்தில் போடுவோர் அந்த மாதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது பகை பழைய பேப்பர் கடை. ஒரு மாலையில் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது, பொட்டலத் தாள் ஏதோ ஒரு மருத்துவமனையின் பரிசோதனை அறிக்கையாக இருக்கக் கண்டோம். ஒருவரின் பெயர், வயது, ஊர், சர்க்கரை அளவு, கடைசி வரியில் எச்.ஐ.வி. சோதனையின் முடிவு. முடிவு 'இல்லை' என்றுதான் இருந்தது. ஆயினும், 'அந்தச் சோதனையை இவருக்கு எதற்காகச் செய்தார்கள்?' என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், அந்த மனிதர் என்ன விடை சொல்வார்? நோய் இல்லை என்று சொல்லும் தாளும் ஒருவரைச் சந்தேகத்திற்கு ஆளாக்கப் போதுமானது. பொட்டலத் தாளை நுணுக்கமாகக் கிழித்துப் போட்டோம். அதே பதிவேட்டின் மற்றப் பக்கங்கள் அன்று எத்தனை வீடுகளுக்குப் போயினவோ.

*

இது நம் ஊரின் ஏழ்மையால் வரும் குறை என்று எவரும் எண்ண வேண்டாம். வசதியான நாடுகளில் நடந்தவற்றையும் பார்ப்போம். அங்கே இவை விசாரிக்கப்பட்டு, தண்டம் விதிக்கப்பட்டு, பொதுமக்கள் அறிய வெளியிடப்பட்டிருக்கின்றன. ஆதலால் நமக்குப் பாடமாகின்றன.

2009 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் வீட்டில் வேலை பார்ப்பதற்காக எடுத்துச் சென்ற தாள்களை, வேலைக்குத் திரும்பும் வழியில் சுரங்க ரயிலில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். 192 நோயாளிகளின் விவரங்கள் அவற்றில் இருந்தன. தொற்றுநோய்ப் பிரிவின் தாள்கள் அவை, எச்.ஐ.வி. உள்ளவர்களும் அந்த 192 பேரில் அடக்கம். தாள்கள் மீண்டும் கிடைக்கவே இல்லை. 2011இல் அம்மருத்துவமனை 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அதே 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்தியானா மாநிலத்தின் பார்க்வியூ மருத்துவ நிறுவனம், பணி ஓய்வு பெறும் மருத்துவர் ஒருவரின் நோயாளிக் கோப்புகளை அவரிடமே திருப்பித் தர அனுப்பியது. 71 அட்டைப்பெட்டிகள், 5,000 முதல் 8,000 பேர் வரையிலான நோயாளிகளின் குறிப்புகள். மருத்துவர் வீட்டில் இல்லை என்று தெரிந்தும் பெட்டிகளை அவர் வீட்டு வாசற்பாதையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பொதுச்சாலை அங்கிருந்து இருபதடித் தொலைவு. 2014இல் அந்நிறுவனம் 8 லட்சம் டாலர் கட்டியது.

இல்லினாய் மாநிலத்தில் ஃபைல்ஃபேக்ஸ் என்ற நிறுவனம் மருத்துவக் கோப்புகளைச் சேமித்து வைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. 2015 பிப்ரவரியில், அதன் பொறுப்பில் இருந்த 2,150 பேரின் கோப்புகளை ஒருவர் பழைய தாள் வாங்கும் இடத்திற்கு எடைக்குப் போடக் கொண்டு போனார். விசாரணை நடக்கும்போதே நிறுவனம் மூடப்பட்டது. ஆயினும் விடவில்லை, 2018இல் அதன் சொத்துகளை நிர்வகித்தவர் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. கடையை மூடினாலும் கடமை மூடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நான்காவது நிகழ்ச்சி வட அயர்லாந்தில் நடந்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் பெல்வார் பார்க் மருத்துவமனை 2006இல் மூடப்பட்டது. நோயாளிகள் வெளியேறினார்கள், அவர்களுடைய தாள்கள் வெளியேறவில்லை. 2010இல் அத்துமீறி உள்ளே புகுந்தவர்கள் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் இட்டனர். பல்லாண்டுக் காலத்தின் கோப்புகளும் எக்ஸ்ரேக்களும் அங்கே கிடந்தது அப்போதுதான் வெளியுலகிற்குத் தெரிந்தது. பொறுப்பிலிருந்த அறக்கட்டளைக்கு 2012இல் 2,25,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

ரயில் இருக்கை, வீட்டு வாசல், எடைக்கடை, பூட்டிய கட்டடம். நான்கிலும் பூட்டை உடைத்தோ கடவுச்சொல்லைத் திருடியோ எவரும் தாளைக் கவரவில்லை. தாளை ஒரு கை விட்டது, மற்றொரு கை பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நான்கு கேடும் நேர்ந்திருக்கின்றன. ஆகவே வாங்கும் கை தெரியாமல் கொடுக்கும் கை விடக்கூடாது என்பதே தாள்கள் இடம்பெயர்வதற்கான முதல் விதி. தாலுகா அலுவலகத்தின் தபால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடிதம் கொடுக்கும் உதவியாளருக்கு இந்த விதி நன்றாகத் தெரியும்.

*

நம் நாட்டின் சட்டங்கள் இதில் என்ன சொல்கின்றன? 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அந்நோய் பற்றிய பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைக் காக்க முறைகள் வகுக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் மனநலச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் மந்தணமாக வைக்கப்படுவதை அவருடைய உரிமை என்கிறது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்ததும் 2017 ஆகஸ்டில்தான். ஆனால் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கணிப்பொறி வடிவிலான தரவுகளுக்கும், தாளில் திரட்டிப் பின்னர் கணிப்பொறியில் ஏற்றப்பட்டவற்றுக்குமே பொருந்தும். தாளாகவே பிறந்து தாளாகவே இருந்துவிடுவது அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. மடியிலிருக்கும் துணிக்கடைப் பைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இவற்றையெல்லாம்விட நம்மை வியக்கவைத்தது, அதிகம் பேசப்படாத ஒரு பழைய விதிமுறை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் 2003இல் வகுக்கப்பட்டது அது. பெண்ணின் இசைவுப் படிவத்தையும் மருத்துவரின் கருத்துரையையும் ஓர் உறையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும். உறையின் மேல் அப்பெண்ணின் பெயரை எழுதக்கூடாது. சேர்க்கைப் பதிவேட்டில் அவருக்குரிய வரிசை எண்ணையும் மருத்துவரின் பெயரையும் மட்டும் எழுதி, 'இரகசியம்' என்று குறிக்க வேண்டும். உரியவரிடம் அனுப்பும் வரை அந்த உறை மருத்துவரின் பாதுகாப்பிலேயே இருக்க வேண்டும். கேஸ் ஷீட், அறுவை அரங்கப் பதிவேடு, தொடர் சிகிச்சை அட்டை என வேறு எதிலும் அவர் பெயர் வரலாகாது. எண் மட்டுமே வரலாம். பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் ஒரே இடம் அந்தச் சேர்க்கைப் பதிவேடு. அதுவும் இரகசிய ஆவணம். 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பெண்ணின் பெயரை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாகவும் ஆக்கியது.

இதைப் படித்தபோது தமிழ் படித்தவர் நினைவுக்கு வருவது தொல்காப்பிய அகத்திணையியல்தான். காதலைப் பாடும் அகப்பாடலில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டிக் கூறக்கூடாது என்பது அங்குள்ள விதி. ஏங்கலாம், அழலாம், ஊடலாம், அனைத்தையும் சொல்லலாம். ஆனால் அழுதவள் இன்னார் மகள் என்று சொல்லலாகாது. பெயர் வந்துவிட்டால் அது அகமாகாது, புறமாகிவிடும். உள்ளத்தின் நோயை எழுதுவதற்கு முன்னோர் வைத்த விதியும் உடலின் நோயை எழுதுவதற்கு இந்த ஒழுங்குமுறை வைத்த விதியும் ஒன்றாகவே இருக்கின்றன: செய்தியைச் சொல், ஆளைக் காட்டாதே.

இன்னும் ஒரு நுட்பமும் உண்டு. நெடுநல்வாடையில் பாண்டியனின் பெயர் எங்கும் இல்லை. பிரிந்திருக்கும் தலைவியின் துயரையும் பாசறையில் உறங்காத தலைவனையும் பாடும் அந்தப் பாட்டு அகம் என்றே தோன்றும். எனினும் அதைப் புறம் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். காரணம், பாசறைக் காட்சியில் வரும் வேலின் தலையில் கட்டியிருக்கும் வேம்பு. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பெயரை மறைத்தும் பயனில்லை. அடையாளம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மருத்துவத் தாள்களில் இந்த 'வேம்பு' எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெயரை அடித்துவிட்டு ஊரையும் வயதையும் தொழிலையும் விட்டுவைத்தால், சிறிய ஊரில் அது பெயருக்குச் சமம். ஒரு குறிப்பிட்ட நோய்க்கென்று தனி நிறத்தில் அட்டை தந்தால், அட்டையைத் திறக்காமலே தெரு முழுவதும் படித்துவிடும். மனநலப் பிரிவு என்று உறையின் மூலையில் அச்சிட்டால், உறைக்கு அரக்கு வைத்து என்ன பயன்? உள்ளே இருப்பதைப் பூட்டினால் மட்டும் போதாது; வெளியே தெரிவதும் ஒன்றும் சொல்லாதிருக்க வேண்டும்.

*

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு இப்போது வருகிறோம். நோயாளியின் தாள்கள் மருத்துவமனையோடு நின்றுவிடுவதில்லை. வருகைப்பதிவு குறைந்த மாணவர்கள் தேர்வெழுத மருத்துவச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு துறையின் இரும்புப் பீரோவும், அது யாருக்கும் தோன்றாவிட்டாலும், ஒரு சிறிய மருத்துவப் பதிவேட்டு அறைதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு கல்லூரியில் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த காலம். வேறு துறையில் இறுதியாண்டு படித்த மாணவி ஒருத்தி மூன்று வாரங்கள் வரவில்லை. திரும்பி வந்தபோது அவளுடைய தந்தை உடன் வந்தார். விவசாயி, கல்லூரி வாசலை அதற்கு முன் ஒருமுறையோ இருமுறையோதான் மிதித்திருப்பார். சான்றிதழ் மட்டும் கொடுத்தால் நம்பமாட்டார்களோ என்று அஞ்சி, மருத்துவமனை தந்த சுருக்கக் குறிப்பு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஊசிநூலால் தைத்ததுபோல் ஒன்றாகப் பின்னடித்துக் கொடுத்தார். மாணவி மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றிருந்தாள்.

அந்தத் தாள்கள் திறந்த கோப்பில் துறையிலிருந்து அலுவலகத்திற்குச் சென்றன. போகும் வழியில் ஓய்வறை மேசையில் சிறிது நேரம் இருந்தன. அலுவலகத்தில் ஒருவர் படித்து இன்னொருவரிடம் காட்டினார். மதிய உணவு நேரத்திற்குள் வராந்தாவில் அந்த மாணவிக்கு ஒரு புதுப்பெயர் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அனுமதி கிடைத்தும் தேர்வெழுதவில்லை.

சில நாள் கழித்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த தந்தை, அலுவலகத்தில் யாரோடும் சண்டையிடவில்லை. வராந்தாவில் எம்மிடம் ஒன்றுதான் கேட்டார்: "சார், அந்தத் தாளை நான் உங்க ஆபீசுக்குத்தான குடுத்தேன்? ஊருக்கா குடுத்தேன்?"

அந்தக் கேள்விக்கு அங்கே எவரிடமும் விடை இல்லை. அவர் சொன்ன அந்த இரண்டே வாக்கியத்தில், தகவல் பாதுகாப்பு பற்றிய சட்டங்களின் சாரம் அடங்கியிருப்பதாக நமக்கு இன்றும் தோன்றுகிறது. ஒரு தாள் ஒரு நோக்கத்திற்காக ஒருவரிடம் தரப்படுகிறது. அந்த நோக்கமும் அந்த ஒருவரும்தான் அதன் எல்லை.

அன்று விதி கேட்டது என்ன? எத்தனை நாள் உடல்நலமின்றி இருந்தாள், அதற்குப் பதிவுபெற்ற மருத்துவரின் கையொப்பம் உண்டா என்ற இரண்டும்தான். நோயின் பெயரை விதி கேட்கவில்லை. கேட்காததைத் தந்தை அச்சத்தால் தந்தார். தேவையில்லாததைக் கல்லூரி வழக்கத்தால் வாங்கி வைத்தது. 'இது எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று முதல் மேசையிலேயே ஒருவர் திருப்பித் தந்திருந்தால், அதைக் காக்க வேண்டிய தேவையே எழுந்திராது.

*

இப்போது நம் துறையில் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். யாரும் மெச்சவேண்டிய ஏற்பாடு அன்று. ஒரு நோட்டும் சில உறைகளும் ஒரு பூட்டும் போதுமானவையாக இருக்கின்றன. மாணவர் சான்றிதழை உறையிலிட்டு நேரில்தான் தரவேண்டும். வேறு மாணவர் கையில் கொடுத்தனுப்பக்கூடாது. நாட்களின் எண்ணிக்கையையும் மருத்துவரின் பதிவெண்ணையும் குறித்துக்கொண்டு, மற்றத் தாள்களை அவர் கண்முன்னே உறையிலிட்டு அவரிடமே தருகிறோம். அலுவலகத்திற்குச் செல்ல வேண்டிய ஒற்றைச் சான்றிதழ் ஒட்டிய உறையில், மாணவரின் பதிவெண் மட்டும் எழுதப்பட்டுச் செல்கிறது. கொண்டு செல்பவர் நோட்டில் கையொப்பமிடுகிறார், பெறுபவரும் இடுகிறார். 'மந்தணம்' என்று உறையின் மேல் எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்தில் சிலர் நகைத்தார்கள். இப்போது எங்கள் அலுவலக உதவியாளர், உறை ஒட்டாமலிருந்தால் தொடமாட்டேன் என்கிறார். "உள்ள என்னன்னு தெரிஞ்சா எனக்குத்தான் சார் வீண் பாரம்" என்பது அவர் சொல். மூடிய உறை உள்ளே இருப்பவரை மட்டுமன்று, தூக்கிச் செல்பவரையும் காக்கிறது என்பதை அவரிடமிருந்தே கற்றோம்.

எஞ்சியிருந்தது பீரோ. நமக்கு முன்னிருந்தவர்கள் காலத்திலிருந்து சேர்ந்த சான்றிதழ்கள் அதில் அடைந்து கிடந்தன. அவற்றுக்குரிய மாணவர்களில் பலர் இன்று தாய் தந்தையராகியிருப்பார்கள்; சிலர் மணப்பேச்சுக்கு நின்றுகொண்டிருக்கலாம். மஞ்சள் காமாலை, காசநோய், கருச்சிதைவு, வலிப்பு என்று அவர்களே மறந்துவிட்டவற்றையும் பீரோ நினைவில் வைத்திருந்தது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்று முதல்வரிடம் எழுத்தில் அனுமதி பெற்றோம். எடைக்குப் போட்டால் முந்நூறு நானூறு ரூபாய் வரும் என்றார் ஒருவர். அந்தப் பணத்தில் வாங்கும் கடலை எந்தத் தாளில் சுற்றி வரும் என்று கேட்டோம்.

தாளை நறுக்கும் இயந்திரம் துறையில் இல்லை. ஆனால் நம் கிராமங்களில் அதற்கொரு பழைய வழி உண்டு. பழந்தாளைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்துக் கூழாக்கி, முறத்திற்குப் பூசுவார்கள்; கூடையும் செய்வார்கள். எங்கள் துறையைப் பெருக்கித் துடைக்கும் அம்மையார் அதில் கைதேர்ந்தவர். துறை ஆசிரியர்கள் அமர்ந்து தாள்களைச் சிறிது சிறிதாகக் கிழித்து இரண்டு பெரிய வாளிகளில் ஊறப்போட்டோம். மூன்றாம் நாள் மை கரைந்து, தாள் சாம்பல் நிறக் கூழாகிவிட்டிருந்தது. எமது கண்ணெதிரே பின்கட்டு உரலில் அவர் இடித்தார்.

அந்தக் கூழில் செய்த கூடை ஒன்று இப்போது துறையில் இருக்கிறது. விடைத்தாள் கட்டும் நூலும் சாக்பீசும் அதில் கிடக்கின்றன.